நீர்வேலித் தோட்டத்தில் கிடந்த பிஸ்டல்

துவக்கு என்று நாங்கள் சொல்கிற துப்பாக்கி வைத்திருந்த மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவராவது தொப்பி போட்டு, முழங்கால் மட்டும் தொங்குகிற கோட்டுப் போட்டு, சிகரெட்டை வாயின் ஒரு பக்கம் சரித்துக்கொண்டு வந்ததில்லை. சீருடையில் வந்தார்கள். சாரத்தில் வந்தார்கள். ஒருவன் வெள்ளைச் சேட்டும் கையில் கொப்பியுமாய், ரியூசனுக்குப் போகிற பிள்ளை மாதிரி வந்தான். ஆகையால் எனக்கு மருமகனாக வரவிருந்தவர் எங்கள் வீட்டு ஹோலில் எல்லோரையும் இருத்தி வைத்துத் துவக்குப் படம் காட்டியபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. இளக்காரம்தான் வந்தது. அது விசுவாசிக்கு அழகில்லை என்று தெரியும். ஜெபத்தில் அதை ஆண்டவரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் அது போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்தவர். இங்கே பிறந்து, நடக்கத் தொடங்கின வயதிலேயே தாய் தகப்பனோடு போனவர். கம்பியூட்டர் வேலை. எங்களைப் போலவே மிஷன் காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பம். அவருடைய தகப்பனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் மேலே படிக்கப் போனார், நான் பத்தாம் வகுப்போடு வாழைத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாய்த் தட்டிப்போய், வயதும் முப்பதைத் தாண்டி, இனி ஆண்டவர் சித்தம் என்று நாங்கள் இருந்த வேளையில்தான் இது வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு பேரும் போனில் கதைத்தார்கள். பிள்ளை தன்பாட்டில் சிரித்துக்கொண்டு சைக்கிள் துடைக்கிறதை நான் அந்த வருடத்தில்தான் கண்டேன். நானும் மனைவியும் முழங்காலில் நின்று நன்றி சொன்னோம்.

எங்கள் தேவாலயத்தில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் சபைக்கு முன்னால் அறிவிக்கிறதுதான் ஓலை. மூன்றாம் ஓலையும் வாசித்தாகிவிட்டால் பெண்ணைக் கொடுத்தது மாதிரித்தான். முதலாம் ஓலை வாசித்த கிழமை மாப்பிள்ளை வந்து இறங்கினார். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு விடுதியில் தங்கினார். மூன்றாம் ஓலைக்கு முன்னால் ஒரு கேள்வி என்னைப் பிடித்து உலுப்பும் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை. என் பிள்ளையை இவர் கையில் கொடுக்கலாமா என்கிற கேள்விதான் அது.

வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் கம்பியூட்டரை ரீவியோடு பொருத்தி, தனக்கு உயிரான படம் ஒன்று காட்டப்போவதாகச் சொன்னார். கறுப்பு வெள்ளை. வெள்ளைக்காரருடைய பழைய துப்பறியும் படம். ஒரு பணக்காரன் செத்துக் கிடக்கிறான். கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவன் வந்து, யார் செய்தது என்று தேடுகிறான். வடிவான பொம்பிளை ஒருத்தி அவனிடம் பொய் பொய்யாய்ச் சொல்கிறாள். மழை விடாமல் பெய்கிறது. அவ்வளவுதான் கதை.

கதை மாப்பிள்ளைக்கு முக்கியமில்லை என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. ஒரு துவக்கு வந்தால் போதும், படத்தை நிறுத்தி வகுப்பெடுத்தார். துப்பறிகிறவன் மேசை லாச்சிக்குள்ளிருந்து எடுத்தது குட்டை மூக்குச் சுழல் துவக்கு. பொம்பிளை கைப்பைக்குள் பவுடர் டப்பாவோடு டப்பாவாய் வைத்திருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற பிஸ்டல். அடியாள் ஒருவனுக்கு இரண்டு, கமக்கட்டுக்குள் ஒன்றும் காற்சட்டைப் பையில் ஒன்றும். எது எந்தக் கொம்பனி, எந்த வருடம் செய்தது, எத்தனை குண்டு கொள்ளும் என்றெல்லாம் சொன்னார். ஒரு காட்சியில் அவன் கையில் இருந்த துவக்கு அடுத்த காட்சியில் வேறு துவக்காக மாறிவிட்டதாம். அதைக் கண்டுபிடித்தவர்கள் உலகத்தில் சில பேர்தானாம், அவர்களில் தானும் ஒருவராம். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த பிரகாசத்தை, ஞானஸ்நானம் பெற்று எழும்புகிறவர்களிடம்தான் நான் கண்டிருக்கிறேன்.

படத்தில் சூடு பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வசனம் முழுசாய்ப் பேசி, தொப்பி விழாமல் சரிந்தான். நிலம் துப்புரவாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் ஒருவனும் நாயைக் கட்டவில்லை, பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தவில்லை. துப்பறிகிறவன் கைலேஞ்சித் துணியால் துவக்கைத் தூக்கி, குழல் வாயை மணந்து பார்த்தான். ரோசாப்பூவை மணக்கிற மாதிரி.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, எனக்குத் துவக்குகள் நல்ல பழக்கமாக இருக்குமே, இங்கே அந்த நாட்களில் புழங்கின பிஸ்டல்கள் என்ன சாதி என்று கேட்டார். கறுத்தக்கொழும்பானா விலாட்டா என்று மாம்பழம் விசாரிக்கிற குரல் அது.

"நாங்கள் பேர் கேக்கேல்லைத் தம்பி" என்றேன்.

அவர் சிரித்தார். மகளும் சிரித்தாள். நான் பகிடி விட்டதாக நினைத்துக்கொண்டார்கள். என் மனைவி படம் தொடங்கினது முதல் குசினியை விட்டு வெளியே வரவில்லை.

அதற்குக் காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான். காலையில் பாண் வாங்கச் சந்திக்குப் போனவனைச் சைக்கிளில் வந்த ஒருவன் பிஸ்டலால் சுட்டான். சுட்டவன் ஓடவில்லை. சைக்கிளைத் திருப்பி, மிதித்துக்கொண்டு போனான். சந்தியில் நின்ற சனம் எல்லாம் அதைக் கண்டது. ஒருவரும் காணவில்லை. எந்தப் பக்கத்தான், ஏன் சுட்டான் என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் நாங்கள் வாய் திறந்து கதைத்ததில்லை. கொலை செய்தவன் யார் என்று கண்டுபிடிக்கிறதற்கு வெள்ளைக்காரனுக்கு ஒரு முழுப் படம் வேண்டியிருக்கிறது. எங்கள் சந்தியில் யார் என்று கேட்கிறவன்தான் அடுத்தது. கோட்டுக்காரத் துப்பறிகிறவன் இங்கே வந்திருந்தால், முதல் கேள்வி கேட்ட அன்றைக்கே அவனுடைய தொப்பி றோட்டில் கிடந்திருக்கும்.

மாப்பிள்ளை போன பிறகு மனைவி மகளைக் கூப்பிட்டு, மாமாவைப் பற்றி அவருக்குச் சொல்லியிருக்கிறாயா என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னனான் அம்மா. நல்லாக் கவலைப்பட்டவர்."

தெரியாமல் செய்திருந்தால் மன்னிப்பு இருக்கிறது. தெரிந்துகொண்டும் எங்களை இருத்தி வைத்து வகுப்பெடுத்தார் என்பதுதான் என் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. ஆனாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு வருட வெளிச்சம் இருந்தது. படம் பார்க்கிறது ஒரு பாவமில்லை, பிறந்து வளர்ந்த இடம் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, ஆராதனை முடிந்து முற்றத்தில் நிற்கும்போது மாப்பிள்ளை அடுத்த யோசனையை எடுத்தார். இப்போது கலியாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையையும் பெண்ணையும் வைத்துக் கடற்கரையில், பனங்காணியில் எல்லாம் ஓடவிட்டு வீடியோ எடுக்கிறார்கள்தானே. அப்படி ஒன்று வேண்டுமாம். ஆனால் எல்லாரும் எடுக்கிற மாதிரி இல்லையாம். அந்தப் படம் மாதிரியாம். அவர் துப்பறிகிறவர், என் மகள் அந்தப் பொய்க்காரி. அவள் கைப்பையிலிருந்து குட்டிப் பிஸ்டலை எடுத்து அவருக்கு நீட்டுவாள், அவர் அதைத் தட்டி விழுத்திவிட்டு அவளைக் கட்டிப்பிடிப்பார். அதற்கு இடம் என் வாழைத் தோட்டம். வாழைகளுக்கு நடுவே புகை போட்டால் இரவுக் காடு மாதிரி இருக்குமாம்.

வீடியோக்காரர் எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கலியாண வீடுகளுக்கும் செத்த வீடுகளுக்கும் கமெராவோடு ஓடித் திரிந்து சீவிக்கிற மனிதர். துவக்குக் காட்சி எடுக்கிறதற்குப் பொலிஸில் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செய்வோம் என்று அவர் சொன்னார். பொம்மைக்கு என்ன பொலிஸ் என்று மாப்பிள்ளை தோளில் தட்டினார். பொம்மைகள் ஏற்கெனவே வந்துவிட்டன. நாடகக்காரருக்குச் சாமான் கொடுக்கிற ஒருவரிடம் கொழும்பில் எடுத்துக்கொண்டுதான் யாழ்ப்பாணத்துக்கே ஏறியிருக்கிறார். பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். தேவாலய முற்றத்தில், வேப்ப மரத்துக்குக் கீழே. உள்ளே இரும்பு வைத்துப் பாரமாகச் செய்திருந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் பொம்மை என்று சொல்ல ஏலாது. எனக்குத் தெரியாமலே என் கண் வாசற்பக்கம் போய், யாராவது பார்க்கிறார்களா என்று தேடியது.

மனைவி மகளிடம் அந்தச் சாமானைத் தொடவேண்டாம் என்று கேட்டாள். மகள் கெஞ்சினாள். அது வெறும் பொம்மை, அவருக்கு ஒரு ஆசை, நான் போன பிறகு அங்கே அவருடைய ஆசைகளோடுதானே சீவிக்கப் போகிறேன் என்றாள். மனைவி கனக்கக் கதைக்கிறவள் இல்லை.

"நீ சந்தோசமாச் செய் பிள்ளை. ஆனா அந்தப் படத்தை என்ரை வீட்டிலை ஒருநாளும் போடக்கூடாது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் படம் பிடித்தார்கள். காணி என்னுடையது என்பதால் நானும் நின்றேன். நீர்வேலி வெயிலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டுப் போட்ட மாப்பிள்ளை வேர்வையில் நனைந்து, நாலு தரம் முகத்துக்குப் பவுடர் பூசினார். வாழைக்கயர்க் கறை கோட்டில் பட்டுவிட்டது, எப்படிப் போக்குகிறது என்று கேட்டார். அது போகாது என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. துவக்கின் பெயர், ஊர், சாதகம் எல்லாம் ஒப்புவித்த மனிதர் அதைப் பிடித்தது ரீவி றிமோட்டைப் பிடிக்கிற மாதிரி. மகள் பிடித்தது இன்னும் மோசம். ஊசி போடப் போகிறவள் மாதிரி இரண்டு விரலால் பிடித்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், அவள் அப்படிச் சிரித்ததை நான் முன்னே பின்னே கண்டதில்லை. அதற்காகவே பேசாமல் நின்றேன். மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டியிருந்ததால் பொழுதுபடுகிற நேரம் வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான் போன பிறகு நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். பிஸ்டலைத் தட்டி விழுத்துகிற காட்சி அவருக்குத் திருப்தி வராமல் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். கடைசித் தரம் தட்டினது பலமாகப் பட்டு, பிஸ்டல் வாழைகளைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. மைம்மல் இருட்டுக்குள் போன் வெளிச்சத்தால் தேடியிருக்கிறார்கள். மகளும் வீடியோக்காரரும் இன்னும் தேடுவோம் என்று நிற்க, மாப்பிள்ளை நுளம்பு கடிக்குது, பசிக்குது, நாளைக்கு வெளிச்சத்தில் தானே வந்து எடுப்பேன், மாமாவுக்குச் சொல்லிப் பயப்படுத்த வேண்டாம் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். மகள் அதை நம்பினாள். விடியவே அவளுக்கு வேலை.

அடுத்த காணிக்காரர் வெங்காயம் வைத்திருந்தார். எனக்கும் அவருக்கும் பங்குக் கிணறு. புதன்கிழமை இறைப்பு அவருடைய முறை. காலையில் தண்ணீர் மிசினைப் போட்டு, வாய்க்காலில் தண்ணீர் வருகிற வழியே மண்வெட்டியோடு நடந்தவர், சேற்றுக்குள் பாதி புதைந்து கிடந்த பிஸ்டலைக் கண்டார்.

வேறு ஊரில் ஒரு மனிதன் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்திருப்பான். எடுத்த உடனே பொம்மை என்று தெரிந்திருக்கும், கதையும் முடிந்திருக்கும். எங்கள் ஊரில் யாரும் குனிய மாட்டார்கள். எங்கள் கைகள் அப்படிப் பழக்கப்பட்டவை. அவர் மண்வெட்டியைப் போட்ட இடத்திலேயே போட்டார். வந்த காலடியிலேயே கால் வைத்துப் பின்னுக்கு நடந்து, மிசினை நிறுத்தினார். பூவரசந் தடி முறித்து, தள்ளி நின்று நாலு பக்கமும் குத்தி, மனைவியின் பழைய சிவப்புச் சீலையைக் கிழித்துக் கட்டினார். பிறகு கிராம சேவகருக்குப் போன் எடுத்தார். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் முன்னர் வீடு வீடாக வந்து படித்துப் படித்துச் சொன்னது இதைத்தான். ஒரு சொல் பிசகாமல் செய்தார்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேரும்போது ஒழுங்கை நிறையச் சனம். புத்தூர்ப் பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். ஒரு பிஸ்டல் கிடந்தால் ஒரு பெட்டியே கிடக்கும், மண் தோண்டுகிற பெக்கோ கொண்டுவந்து இரண்டு காணியையும் கிண்டப் போகிறார்கள் என்று கதை அதற்குள்ளே வளர்ந்துவிட்டது. என் வாழைகள் குலை தள்ளி நின்றன. அடுத்த காணிக்காரர் வரம்பில் குந்தியிருந்தார். வெங்காயம் அன்றைக்குத் தண்ணீர் காணாவிட்டால் வாடும். அதைவிட அவருக்கு வேறு பயம்.

"அண்ணை, என்ரை காணி வாய்க்காலிலை கிடக்கு. என்னைத்தானே கேப்பாங்கள்" என்றார்.  அந்த மனிதர் முன்னொரு காலத்தில் ஒரு கேள்விக்கு என்று கூட்டிக்கொண்டு போகப்பட்டு, நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தவர்.

எட்டத்தில் நின்று பார்த்தேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. குட்டிப் பிஸ்டல். கைப்பைப் பிஸ்டல்.

ஒழுங்கை மூலைக்குப் போய் மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தேன். நித்திரையால் எழும்பின குரல். விசயத்தைச் சொல்லி, பொலிஸ் வருகிறது, உடனே வந்து இது என்னுடையது, பொம்மை என்று ஒரு சொல் சொல்லுங்கள், ஓட்டோவில் வந்தால் பொலிஸுக்கு முன்னால் வந்துவிடலாம் என்றேன்.  அதற்கு அவர் சொன்னார்.

"மாமா, நான் கனடா பாஸ்போட். உதுக்குள்ளை மாட்டினா பிரச்சினை. வீடியோக்காரற்றை சாமான் எண்டு சொல்லிவிடுங்கோ. அவர் லோக்கல் ஆள்தானே, அவரை ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

லோக்கல் ஆள். இந்த மண்ணில் துவக்கு விசயத்தில் எதையாவது யாருக்காவது செய்திருந்தால் அது லோக்கல் ஆளுக்குத்தான் என்று, பிஸ்டலின் சாதகம் எல்லாம் தெரிந்த மனிதருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்திருந்தது. எது மோசம் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. நான் போனை வைத்துவிட்டேன்.

அப்போது ஆண்டவரிடம் கேட்டேன். நீண்ட ஜெபமில்லை. வாய்க்குள்ளே இரண்டு சொல். பொய் சொன்னால் வீடியோக்காரர் போவார். பேசாமல் நின்றால் வெங்காயக்காரர் போவார். உண்மையைச் சொல்லி மாப்பிள்ளையின் பெயரைக் கொடுத்தால் கலியாணம் போகும். மூன்றாம் ஓலைக்கு நாலு நாள் இருந்தது. பிள்ளையின் சிரிப்பு கண்ணுக்குள் நின்றது.

ஜீப் வந்தது. பொலிஸ் அதிகாரி சிங்களத்தில் கேட்க, கூட வந்த தமிழ்ப் பொலிஸ்காரர் சொன்னார். யார் முதலில் கண்டது, யாருடைய காணி என்று கேட்டபடி வெங்காயக்காரரிடம் போனார்கள். நான் வரம்பைத் தாண்டி முன்னால் போனேன்.

"அது எங்கடை வீட்டுச் சாமான் ஐயா" என்றேன்.

சொல்லி முடிக்கும் முன்னே என்னோடு நின்ற சனம் ஒரு அடி விலகியது. தள்ளிவிட்ட மாதிரி இல்லை, தண்ணீர் விலகுகிற மாதிரி. என்னோடு சேர்ந்து கிணறு இறைத்தவர்கள், என் தகப்பனுடைய சவப்பெட்டியைத் தூக்கினவர்கள். நான் அவர்களில் குற்றம் காணவில்லை. நான் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் என் கால் விலகியிருக்கும். இவ்வளவு வருடத்தில் ஒரு துவக்கைப் பார்த்து இது என்னுடையது என்று ஒரு மனிதன் எங்கள் ஊரில் சொன்னதை நான் கேட்டதில்லை. சொன்ன பிறகு வாய் இரும்பை நக்கின மாதிரி இருந்தது.

தமிழ்ப் பொலிஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பு, என்ன சொல்லுறியள் எண்டு விளங்கித்தான் சொல்லுறியளோ?"

"ஓம். மகளின்ரை கலியாணத்துக்குப் படம் பிடிச்ச பொம்மை. வேணுமெண்டா நானே எடுத்துத் தாறன்."

எடுக்க விடவில்லை. இரண்டு பேர் போய், கையுறை போட்டு, வெகுநேரம் குனிந்து பார்த்து, கடைசியில் ஒருவர் நிமிர்ந்து சிரித்தார். மற்றவர் அதைச் சுரண்டிக் காட்டினார். கறுப்புப் பூச்சுக்குக் கீழே வெள்ளை றெசின். அதிகாரியும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இப்படிப்பட்ட சாமான் வைத்துப் படம் பிடிக்க முன்னால் ஏன் சொல்லவில்லை என்று என்னை ஏசினார். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. குனிந்த தலையோடு கேட்டேன். யார் பிடித்தது என்று கேட்டபோது, வரப்போகிற மருமகன் என்றேன். அவர் எங்கே என்று கேட்டார். வருவார் என்றேன். இனிமேல் செய்யவேண்டாம் என்று சொல்லி, பொம்மையைத் தங்களோடு கொண்டுபோனார்கள்.

வெங்காயக்காரர் எழும்பிப் போய் மிசினைப் போட்டார். அன்றைக்கு அவர் என்னோடு கதைக்கவில்லை. சிவப்புச் சீலைத் துண்டுகளை நானே அவிழ்த்தேன்.

பின்னேரம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று யாரோ சொல்லித்தான் வந்திருக்க வேண்டும். மகளும் வேலை முடிந்து வந்திருந்தாள். நடந்தது முழுவதையும், போனில் அவர் சொன்னதையும் சேர்த்து, நான் அவளுக்குச் சொல்லி முடித்த நேரம். சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். பிறகு, தெரிந்துகொண்டு போகட்டும், அல்லது தெரிந்துகொண்டு நிற்கட்டும் என்று சொன்னேன். அவள் சீருடையும் மாற்றாமல் கதிரையில் இருந்தாள்.

மாப்பிள்ளை பெட்டியில் கேக் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து முதலாவதாகக் கேட்டது இதைத்தான்.

"சாமானைத் திருப்பித் தந்திட்டாங்களோ மாமா? அது கொழும்புக்குக் குடுக்கவேணும்."

  மகள் கேட்டாள்.

"வீடியோ அண்ணையைப் பிடிச்சிருந்தா என்ன செய்திருப்பியள்?"

அவர் ஒரு நல்ல லோயரைப் பிடித்திருப்பாராம். செலவு முழுவதும் தான் ஏற்றிருப்பாராம். அங்கே எல்லாம் அப்படித்தானாம், பயப்பட ஒன்றுமில்லையாம். உள்ளே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி கேத்தலை வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. மகள் இன்னும் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். புண்ணைத் திறந்து பார்த்து எவ்வளவு ஆழம் என்று அளக்கிற பார்வை. பிறகு மெதுவாகத்தான் சொன்னாள்.

"நாளைக்கு என்னோடை வாங்கோ. வெங்காயக்கார மாமாட்டையும் வீடியோ அண்ணையிட்டையும் போய், பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. பேந்து பொலிஸுக்கும் போய், அது என்ரை எண்டு சொல்லுங்கோ. நான் பக்கத்திலை நிப்பன்."

கதவைத் திறந்து விட்டாள் என்று நினைத்தேன். இளக்காரம் பிடித்த எனக்கே அப்போது மனம் இளகியது. வா மகனே, இந்த ஒரு படியை ஏறிவிடு, நான் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அந்தப் படத்தில் வந்த துப்பறிகிறவன், அவன் எவ்வளவு கேடுகெட்டவனாக இருந்தாலும், இவ்வளவையாவது செய்திருப்பான்.

மாப்பிள்ளை வாட்சைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கொழும்பில் ஒரு வேலை இருக்கிறது, பொலிஸ் முடித்த விசயத்தை நாங்கள் ஏன் கிண்ட வேண்டும், கலியாணத்துக்குப் பிறகு வெங்காயக்காரருக்கு ஏதாவது நல்லதாய்ச் செய்வோம் என்றார். கேக் உருகப்போகிறது, குளிர்ப்பெட்டியில் வையுங்கள் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை மகள் தனியாகச் சைக்கிளில் போதகரிடம் போய் வந்தாள். போக முன்னால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தகப்பனுடைய தீர்மானம் என்று நான் இரவிரவாய்ச் சுமந்ததை அவள் தன் கையிலேயே எடுத்துக்கொண்டுவிட்டாள். திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தினபோது, "மூண்டாம் ஓலை வேண்டாமெண்டு சொல்லியிட்டன் அப்பா" என்றாள். எனக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அன்றைக்கு இரவு மாப்பிள்ளையின் தகப்பன் கனடாவிலிருந்து எடுத்து, ஒரு பொம்மைத் துவக்குக்காக இப்படிச் செய்வார்களா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாங்கில் இருந்த மனிதர். பொம்மை எங்கள் கையில் இல்லை, பொலிஸில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஞாயிறு போதகர் அறிவிப்புகளை வாசித்தார். பெண்கள் சங்கக் கூட்டம், சுகவீனமானவர்கள், அறுவடைப் பண்டிகைக்குக் காய்கறி கொண்டுவருகிறது. பிறகு நேரே ஜெபத்துக்குப் போனார். முன் வாங்குகளிலிருந்து இரண்டொரு தலை எங்கள் பக்கம் திரும்பி, உடனே முன்னுக்குத் திரும்பியது. என் மனைவி மகளுடைய கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜெபம் முடிந்தும் விடவில்லை.

வெளியே வந்தபோது வீடியோக்காரர் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தார். நடந்தது எவ்வளவு அவருக்குத் தெரியுமோ தெரியாது. செவ்வாய்க்கிழமை எடுத்ததெல்லாம் தன்னிடம் இருக்கிறது, என்ன செய்கிறது என்று கேட்டார். அழித்துவிடச் சொன்னாள் மகள். துவக்கு வருகிற பகுதி எல்லாம் அழிக்கிறேன், ஆனால் துவக்கு இல்லாமல் தங்கச்சி வாழைக்குக் கீழே நின்று சிரிக்கிற துண்டு ஒன்று நல்ல வடிவாய் விழுந்திருக்கிறது, அதையாவது வைத்திருக்கட்டா என்று அவர் கேட்டார்.

மகள் கொஞ்சம் யோசித்தாள்.

"அதையும் அழிச்சுவிடுங்கோ அண்ணை" என்றாள்.

துவக்குகளின் மேலும், அவற்றைப் பெயர் சொல்லி ஆராதிக்கிற மனிதரின் மேலும் எனக்கு இருந்த இளக்காரம் அந்த நிமிசம் எங்கே போனதென்று தெரியாது. வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிள்கள் நின்ற பக்கம் முன்னால் நடந்தேன்.